'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பழைய பாட்டுப் படம் ஒன்று போடுகிறோம். ஒரு புரொஜெக்டர், நாலு பாய், ஒரு அண்டா நிறையப் பொரி. அவ்வளவுதான் ஏற்பாடு. இந்தப் படத்தின் பெயரை நோட்டீஸ் போர்டில் எழுதியதுமே லிஃப்டிலும் படிக்கட்டிலும் ஆள் மாற்றி ஆள் நிறுத்திக் கேட்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, கீழே பதிலும் எழுதிவிட்டேன். கதை முழுவதும் இதில் வெளியாகிவிடும். பெரியவர்களுக்காக எழுதியது என்பதால் பரவாயில்லை.

பாட்டு ஒண்ணு ரெண்டு கேட்டிருக்கேன். கதை என்னன்னே தெரியாது. சுருக்கமாச் சொல்லுங்களேன்.

1965இல் வந்த அமெரிக்கப் படம். இயக்கியவர் ராபர்ட் வைஸ். சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கியது. அதற்கு முன்பே, 1959இல், ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையிலும் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் பாடல்களிலும் நியூயார்க்கில் மேடை நாடகமாக வந்திருந்தது.

கதை ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஊரில் நடக்கிறது. கன்னியர் மடத்தில் துறவறத்துக்குத் தயாராகும் மரியா (ஜூலி ஆண்ட்ரூஸ்) மடத்துக்கு ஒத்துவராத துறுதுறுப்புக்காரி. தாயில்லாத ஏழு பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள அவளை ஒரு பணக்கார வீட்டுக்கு அனுப்புகிறார் மடத்துத் தலைவி. பிள்ளைகளின் அப்பா கேப்டன் வான் ட்ராப் (கிறிஸ்டோபர் பிளம்மர்) கடற்படை ஓய்வு அதிகாரி. வீட்டைக் கப்பல் போல நடத்துகிறவர். மரியா பிள்ளைகளுக்குப் பாடக் கற்றுக்கொடுக்கிறாள், வீடு மாறுகிறது, அப்பாவும் மாறுகிறார், கல்யாணம் நடக்கிறது. அந்த நேரம் பார்த்து 1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்குகிறது. கேப்டனை ஜெர்மன் கடற்படைக்கு வரச் சொல்லி ஆணை வருகிறது. குடும்பமே தப்பி ஓடுகிறது.

எத்தனை வயசுக்கு மேல காட்டலாம்? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஏழு.

ஒரே வார்த்தை கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை முதல் பாதியைச் சிரித்துச் சிரித்துப் பார்த்ததையும், பத்து வயதுப் பிள்ளை கடைசி இருபது நிமிடம் அம்மாவின் முந்தானைக்குள் இருந்ததையும் எங்கள் ஹாலில் பார்த்திருக்கிறேன். வயதைவிட, உங்கள் பிள்ளைக்கு எது பயம், எது அழுகை என்று பார்த்து முடிவு செய்வது மேல். அந்த இடங்களைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எல்லாரும் பார்க்கலாம்னு சர்டிபிகேட் கொடுத்த படம்தானே, அப்புறம் என்ன யோசனை?

ஆமாம், அமெரிக்காவில் 'ஜி', பிரிட்டனில் 'யு'. ஆனால் சர்டிபிகேட் பார்ப்பது வேறு, நாம் பார்ப்பது வேறு. அமெரிக்காவின் இப்போதைய தரப்பிரிப்பு முறையே 1968இல்தான் தொடங்கியது. இந்தப் படம் அதற்கு மூன்று வருடம் முந்தியது, எழுத்து பின்னால் ஒட்டியதுதான். அந்த 1968லேயே வந்த 'ஆலிவர்!' என்ற பாட்டுப் படத்துக்கும் 'ஜி' கொடுத்தார்கள். அதில் நான்சி என்ற பெண்ணை அவளுடைய ஆளே அடித்துக் கொல்கிறான். நேராகக் காட்டவில்லை, சரி. ஆனால் அந்தச் சத்தம் என் காதிலேயே இன்னும் இருக்கிறது.

தலைகீழாகவும் நடக்கும். 'மேரி பாப்பின்ஸ்' 1964இல் வந்தது. அறுபது வருடம் 'யு'வாக இருந்த அதை, பிரிட்டன் தணிக்கையாளர்கள் 2024இல் 'பிஜி' (பெரியவர் துணையோடு பார்க்கலாம்) ஆக்கினார்கள். காரணம், அதில் ஒரு கிழவர் ஆப்பிரிக்க மக்களைக் குறிக்கும் பழைய வசைச்சொல் ஒன்றைச் சொல்கிறார். படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை, பார்க்கிறவர்கள் மாறிவிட்டார்கள். அதனால் எழுத்தைப் பார்த்துவிட்டு சமையலறைக்குப் போய்விடாதீர்கள். பழைய பாட்டுப் படங்களில் இருக்கிற வில்லங்கமே அதுதான்: ஆரம்பம் வெல்லப்பாகு மாதிரி இருக்கும், பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள், கனமான இடம் வரும்போது பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கும்.

மூணு மணி நேரமாமே! என் பையன் பத்து நிமிஷம் ஒரு இடத்தில் உட்கார மாட்டான்.

174 நிமிடம். படத்திலேயே இடைவேளை உண்டு, நம் ஊர்ப் படம் மாதிரி. இரண்டு நாளாகப் பிரித்துக் காட்டுவதுதான் நல்லது. நாங்களும் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இடைவேளை விழும் இடம் மோசமான இடம். மரியா பிள்ளைகளிடம் சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஒரு கடிதத்தை வைத்துவிட்டு, வீட்டை விட்டுப் போகிறாள். திரையில் இடைவேளை என்று வருகிறது. முதல் தடவை நாங்கள் அங்கேயே நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினோம். அன்று ராத்திரி மூன்று வீடுகளில் யாரும் சரியாகத் தூங்கவில்லை என்று மறுநாள் தெரிந்தது. "அக்கா திரும்பி வருவாங்களா, மாட்டாங்களா?" என்று ஒரே கேள்வி. அதனால் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள். விருந்தில் ஏழு பிள்ளைகளும் படிக்கட்டில் நின்று எல்லோருக்கும் குட்நைட் சொல்லி ஒவ்வொருவராகப் படுக்கப் போகிற பாட்டு ஒன்று இருக்கிறது. அது முடிந்ததும் அணைத்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையும் அதே பாட்டைப் பாடிக்கொண்டு படுக்கப் போகும்.

முத்தக் காட்சி இருக்காமே? ரிமோட்டைக் கையிலேயே வச்சிருக்கணுமா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர், அதுவும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். இருக்கிறது. மூத்த பெண் லீசலும் தந்தி கொண்டுவரும் பையன் ரோல்ஃபும் மழையில் தோட்டத்துக் கண்ணாடி மண்டபத்தில் ஆடிப்பாடி முடிக்கையில் ஒன்று. பின்னால் அதே மண்டபத்தில் கேப்டனும் மரியாவும். இரண்டும் இன்றைய டிவி விளம்பரத்தைவிடச் சாது.

ஓட்டிவிடாதீர்கள் என்பேன். ஓட்டினால்தான் பிள்ளைக்கு அங்கே என்னவோ இருக்கிறது என்று தெரியும். எங்கள் ஹாலில் சின்னப் பிள்ளைகள் "ச்சீ" என்று கத்திவிட்டு மறுபடி பொரிக்குத் திரும்பினார்கள். அதோடு முடிந்தது. இந்தப் படத்தில் கையில் எதையாவது பிடித்துக்கொண்டு இருக்க வேண்டிய இடம் வேறு, அது பிள்ளையின் கை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ் மீடியம் படிக்கிற பிள்ளை. இங்கிலீஷ் வசனம் என்ன விளங்கும்?

நினைப்பதைவிட அதிகம். தவளையைச் சட்டைப் பைக்குள் போடுவதும், சாப்பாட்டு மேசை நாற்காலியில் பைன் காயை வைத்து உட்கார வைப்பதும், ஜன்னல் திரையைக் கிழித்து உடுப்பு தைப்பதும் எந்த மொழியில் இருந்தால் என்ன? சப்டைட்டில் வாசிக்கிற வேகம் இல்லாத வயதென்றால், பக்கத்தில் உட்கார்ந்து நடுநடுவே ஒரு வரி சொன்னால் போதும்.

சுரம் கற்றுத் தரும் அந்தப் பிரபலமான பாட்டுக்கு முன்னால் மட்டும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். டோ ரே மி என்பது நம் ச ரி க மாதிரி சுரங்களின் பெயர். ஒவ்வொரு பெயரும் ஏதோ ஒரு ஆங்கிலச் சொல் மாதிரி ஒலிப்பதை வைத்துத்தான் அந்தப் பாட்டு விளையாடுகிறது. இதைச் சொல்லிவிட்டால் போதும், பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் "நாங்களும் சரிக்கு, கமக்கு இப்படிப் பாட்டு கட்டுவோம்" என்று இறங்கிவிடுவார்கள். ஆறாவது சுரமான 'லா'வுக்கு மட்டும் பாடலாசிரியருக்கு எதுவும் அகப்படவில்லை. முந்தின சுரத்துக்கு அடுத்தது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். இதைக் கண்டுபிடித்த ஒரு சிறுமி அன்று முழுவதும் பெருமையாகத் திரிந்தாள்.

அந்த அப்பா விசில் ஊதிப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார். எங்க மாமனார் "அதுதான்டா வளர்ப்பு"ங்கிறார். பிள்ளைங்க என்ன நினைப்பாங்க?

மாமனாரையும் முழுப் படமும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விசில் ஓசை, வரிசையில் நின்று ஒரு அடி முன்வந்து பெயர் சொல்ல வேண்டும், விளையாட்டு கிடையாது. அவர் பிள்ளைகளை அடிப்பதில்லை. மனைவி இறந்த துக்கத்தில், அவளை நினைவுபடுத்தும் பாட்டையும் சிரிப்பையும் வீட்டை விட்டே துரத்தியவர் என்பது போகப்போகத் தெரிகிறது. பிள்ளைகள் உள்ளே பாடுவதைக் கேட்டு, தயங்கித் தயங்கி வந்து, தானும் சேர்ந்து பாடுகிறாரே, அந்த இடத்தில் எங்கள் ஹாலின் பின்வரிசையில் இருந்த அப்பாக்கள் யாரும் போனைப் பார்க்கவில்லை.

அதற்குச் சற்று முன் மரியா அவரை எதிர்த்துப் பேசுகிறாள், உங்கள் பிள்ளைகளையே உங்களுக்குத் தெரியாது என்கிற அளவுக்கு. பெரியவர்களை இப்படி எதிர்த்துப் பேசலாமா என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். அப்பா மன்னிப்புக் கேட்கிற காட்சி நம் படங்களில் அடிக்கடி கிடைக்காது.

வீட்டில் அம்மா தவறிப்போன குழந்தை இருக்கு. இது அவளுக்குக் கஷ்டமா இருக்குமா?

இருக்கலாம். அம்மா இறப்பது படத்தில் இல்லை; கதை தொடங்கும் முன்பே இறந்துவிட்டாள். சாவுக் காட்சியோ புகைப்படத்துக்கு மாலை போட்ட காட்சியோ கிடையாது. ஆனால் முதல் பாதி முழுக்க அந்த இல்லாமை இருக்கிறது. இடியிடிக்கும் இரவில் ஏழு பேரும் மரியாவின் கட்டிலுக்கு ஓடி வருவதை எல்லாப் பிள்ளையும் சிரித்துக்கொண்டு பார்க்கும். இந்தப் பிள்ளை வேறு மாதிரி பார்க்கும்.

அப்பா மறுமணம் செய்துகொண்ட வீடு, அல்லது அப்படிப் பேச்சு நடக்கிற வீடு என்றால் இன்னும் யோசியுங்கள். வருகிற சித்தி யாராக இருக்க வேண்டும் என்பதுதான் படத்தின் நடுப்பகுதியே. கேப்டன் முதலில் மணக்க நினைக்கிற வியன்னாச் சீமாட்டி, பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று நினைப்பவள். மரியாவோ ஒரு குறையும் இல்லாத சித்தி. நிஜத்தில் வருகிற சித்தி இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருப்பாள். அந்த வீட்டில் பெரியவர்கள் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எங்கள் ஹாலில் அப்படி ஒரு அப்பா "இந்த வருஷம் வேண்டாம்" என்றார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஒரே சிஸ்டர்ஸ், சர்ச், ஜெபம்னு இருக்கே. மதப் பிரசாரமா?

இல்லை. மடம் கதையின் ஒரு இடம், அவ்வளவே. துறவறம் உனக்கு ஒத்துவராவிட்டால் தப்பில்லை, போய் வாழ்ந்து பார் என்று மடத்துத் தலைவியே சொல்கிற படம் இது.

எந்தெந்த இடத்தில் பயப்படுவாங்க?

முதல் பாதியில் இடி மின்னலும், படகு கவிழ்ந்து எல்லோரும் தண்ணீரில் விழுவதும். இரண்டும் சிரிப்பாக முடிகின்றன. (படகுக் காட்சியில் நிஜமாகவே ஆபத்து இருந்தது. கடைக்குட்டி கிரெட்டலாக நடித்த கிம் காரத்துக்கு நீச்சல் தெரியாது. அந்தக் காட்சி எடுக்கும்போது தண்ணீரில் தத்தளித்திருக்கிறாள். இதைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள்.)

உண்மையான பயம் ஒன்றே ஒன்று: மடத்துக் கல்லறைத் தோட்டம். குடும்பம் கல்லறைகளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்கிறது. டார்ச் வெளிச்சம் கம்பிகளுக்குள் பாய்ந்து தேடுகிறது. வசனம் ஏறக்குறைய இல்லை. பயந்தால் பாடலாமா என்று கிரெட்டல் மெதுவாகக் கேட்க, இப்போது கூடாது என்கிறாள் மரியா. பாட்டு எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று இரண்டரை மணி நேரம் நம்பவைத்த படம், இங்கே பாடாதே என்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். பிறகு ரோல்ஃப் வருகிறான், துப்பாக்கியை நீட்டுகிறான். சுடவில்லை. படம் முழுவதிலும் யாரும் யாரையும் சுடுவதில்லை, ரத்தம் இல்லை, சாவு இல்லை.

ஆறு வயசுக்கு ஹிட்லரை எப்படிச் சொல்றது? சொல்லாமலே விட்டுடலாமா?

படம் கொஞ்சம்தான் சொல்கிறது. சிறைமுகாம் இல்லை, யூதர்களுக்கு நடந்தது இல்லை. ஒரு கொடி, ஒரு சல்யூட், ஓர் ஆணை. அதனால் நீங்களும் அந்த அளவுக்குச் சொன்னால் போதும்: பக்கத்து நாட்டுக்காரர்கள் இந்த நாட்டைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்கள் பலருக்குக் கொடுமை செய்தவர்கள், அவர்களுக்காகச் சண்டை போட அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், அப்பாவுக்கு இஷ்டமில்லை. ஆறு வயதுக்கு இது புரியும். தேன்நிலவு முடிந்து வந்த கேப்டன் தன் வீட்டு வாசலில் தொங்கும் நாஜிக் கொடியை இறக்கி இரண்டாகக் கிழிக்கிறார். ஏன் என்று பிள்ளை கேட்கும்போதே இதைச் சொல்லிவிடலாம்.

பத்துப் பன்னிரண்டு வயதென்றால் அங்கே நிறுத்தாதீர்கள். விருந்துக்கு வந்தவர்களில் யார் புது ஆட்சிக்குத் தலையாட்டுகிறார்கள், யார் முகம் திருப்புகிறார்கள், கேப்டனின் நண்பர் மேக்ஸ் ஏன் எதிலும் பட்டுக்கொள்ளாமல் இருக்கப் பார்க்கிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். நல்ல பேச்சு வரும்.

கல்யாணத்தோட நிறுத்திட்டா என்ன? சுபமா முடிஞ்ச மாதிரி இருக்குமே.

உங்களுக்கு முன்பே அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஜெர்மனியில் முதலில் வெளியானபோது மியூனிக்கில் கல்யாணத்துக்குப் பிறகு வருகிற நாஜிப் பகுதியை அப்படியே வெட்டிவிட்டு ஓட்டினார்கள். ஸ்டூடியோ தலையிட்டுத் திரும்பச் சேர்க்க வைத்தது. அவர்கள் வெட்டியதற்கும் நீங்கள் வெட்டுவதற்கும் காரணம் வேறு, ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் தாராளமாகக் கல்யாண மணியோடு அணையுங்கள். ஏழுக்கு மேல் வேண்டாம். ஓர் அப்பா பிள்ளைகளைப் பிடித்து வைப்பதில் தொடங்கிய கதை, அதே அப்பா கிரெட்டலை முதுகில் சுமந்து மலையேறுவதில் முடிகிறது. அந்தக் கடைசிக் காட்சியைப் பார்க்காத பிள்ளைக்கு விசிலும் தவளையும்தான் மிஞ்சும்.

பதினாறு வயசுன்னு வர்ற பாட்டை என் பொண்ணு பாடிக்கிட்டே திரியுறா. வரியைப் படிச்சுப் பார்த்தா எனக்குப் பிடிக்கலை.

எனக்கும்தான். நீ எதுவும் தெரியாதவள், உலகம் தெரிந்த பெரியவன் நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான் பையன். அவனுக்கு வயது பதினேழு! அவளும் சரி என்று தலையாட்டுகிறாள். மெட்டு இனிப்பாக இருப்பதால் வரி தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

ஆனால் பாட்டைத் தடுக்க வேண்டாம், படத்தின் பின்பாதியே பதில் சொல்கிறது. பார்த்துக்கொள்கிறேன் என்ற அந்த ரோல்ஃப்தான் மேலே சொன்ன கல்லறைத் தோட்டத்தில் துப்பாக்கியோடு நிற்கிறான், குரல் கொடுத்துக் காட்டிக்கொடுக்கிறான். "அன்னைக்கு அவன் என்ன சொன்னான், இப்ப என்ன செய்யுறான்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி எனக்குச் சொன்ன பதில்: "ஆன்ட்டி, அவனுக்குத்தான் பார்த்துக்க ஆள் வேணும்." லீசலாக நடித்த சார்மியன் காருக்குப் படப்பிடிப்பின்போது வயது 21 என்பது உபரித் தகவல்.

சிஸ்டர்ஸே கார் பார்ட்ஸைத் திருடுறாங்களே! "அப்ப நானும் திருடலாமா"ன்னு என் பையன் கேட்கிறான்.

துரத்தி வந்தவர்களின் கார் கிளம்பாது. இரண்டு கன்னியாஸ்திரிகள் மடத்துத் தலைவியிடம் வந்து, பாவம் செய்துவிட்டோம் என்று சொல்லி, கழற்றி ஒளித்துவைத்த பாகங்களை அங்கிக்கு உள்ளே இருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். ஹாலே அதிர்ந்தது. அவர்கள் அதைப் பாவம் என்றே சொல்வதை உங்கள் பையனிடம் சுட்டிக்காட்டுங்கள். தப்பு என்று தெரிந்தே, இன்னும் பெரிய தப்பு நடக்காமல் இருக்கச் செய்கிறார்கள். பக்கத்து வீட்டு சைக்கிள் மணி இந்தக் கணக்கில் வராது.

உண்மைக் கதைதானே? அப்படியே சொல்லிடலாமா?

பாதி உண்மை. மரியாவும் ட்ராப் குடும்பமும் நிஜம். மரியா எழுதிய நினைவுக் குறிப்பு 1949இல் வந்தது. ஆனால் அவர் அந்த வீட்டுக்கு வந்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்ல, நோயிலிருந்து தேறிவந்த ஒரு மகளுக்குப் பாடம் சொல்லித்தர. கல்யாணம் 1927லேயே முடிந்துவிட்டது. பிறகு பிறந்தவர்களையும் சேர்த்துப் பிள்ளைகள் பத்து. அப்பா அப்படிக் கடுகடுப்பானவர் அல்ல என்று பிள்ளைகளே பின்னாளில் வருத்தப்பட்டார்கள்.

1938இல் அவர்கள் மலையேறவில்லை. இத்தாலிக்கு ரயில் ஏறினார்கள். சால்ஸ்பர்க்கில் அந்தப் பக்கம் மலையேறினால் போய்ச்சேருவது படத்தில் சொல்கிற ஸ்விட்சர்லாந்து அல்ல, ஜெர்மனி! ஹிட்லரின் மலைவீடு இருந்த பக்கம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அட்லஸை விரித்துக் காட்டினால் இந்தத் தவறை அவர்களே பிடிப்பார்கள்.

இது பிடிச்சுப் போச்சு. அடுத்து என்ன காட்டலாம்?

சிறுசுகளுக்கு 'மேரி பாப்பின்ஸ்'. மேலே சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். 1968இல் வந்த 'சிட்டி சிட்டி பேங் பேங்' படத்தில் பிள்ளைகளை மிட்டாய் காட்டிப் பிடித்துக் கூண்டில் அடைக்கிறவன் ஒருத்தன் வருவான். ஆறு வயதுக்குக் கீழே அவனைக் காட்டி, ராத்திரி நீங்கள் அவஸ்தைப்படாதீர்கள். 'ஆலிவர்!' பன்னிரண்டுக்கு மேல்.

தாத்தா பாட்டி கூட இருந்தால் அவர்கள் 1969இல் வந்த 'சாந்தி நிலையம்' பெயரைச் சொல்வார்கள். ஜெமினி கணேசன், காஞ்சனா. அதிலும் சேட்டைக்காரப் பிள்ளைகள், வீட்டுக்கு வரும் டீச்சர், விஸ்வநாதன் இசையில் அருமையான பாட்டுகள். எங்கள் ஹாலில் அடுத்த மாதம் அதுதான். நானும் எதிர்வீட்டுப் பாட்டியும் வெள்ளிக்கிழமை ராத்திரி முதலில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கப் போகிறோம். எங்கே நிறுத்துவது என்று அப்புறம் சொல்கிறேன்.